காசிமேட்டில் பின்னி வாங்கிய கால்பந்துக் கோல் வலை: நாலு மாசம் ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வலை நன்றாக இருக்கிறது, தாராளமாக வாங்கலாம். இரண்டு கோலுக்கும் சேர்த்து 9,400 ரூபாய் ஆனது. விளையாட்டுச் சாமான் கடைகளில் இதே அளவில் மெஷின் வலை ஜோடி 3,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது, அதை மூன்று தடவை வாங்கியவன்தான் நான். பிறகு எதற்கு மூன்று மடங்கு கொடுத்தாய் என்று எங்கள் டீம் பையன்களே கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் வடசென்னையில் மைதானம் வைத்து ஆடுகிற எல்லா டீமுக்கும் இந்தப் பிரச்சினை இருக்கிறது.

நான் வியாசர்பாடி. 21 வருஷமாக கோல்கீப்பர். காசுக்கு ஆடியதில்லை, ஞாயிற்றுக்கிழமை டீம், வேலை நாளில் பேட்டரி கடை. எங்கள் மைதானத்தில் ஒரு பக்கக் கோலுக்குப் பின்னால் சுவர் இருக்கிறது, அது பிரச்சினையில்லை. இன்னொரு பக்கக் கோலுக்குப் பின்னால் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கால்வாய். வலை கிழிந்திருந்தால் கோல் விழுந்த அடுத்த நொடி கீப்பர் ஓட வேண்டும், ஆட்டோவுக்கும் தண்ணி லாரிக்கும் நடுவில் பந்தைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பந்து கால்வாயில். கோலும் வாங்கிக்கொண்டு பந்துக்கும் ஓடுவது எப்படி இருக்கும் என்பது கீப்பராக நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

மெஷின் வலையின் நூல் மெல்லிசு, 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. இரண்டு மாசம் வெயிலில் கிடந்தால் விரலால் இழுத்தாலே பொட்டென்று போகிறது. அதைவிட மோசம், ஒரு கண் அறுந்தால் பக்கத்துக் கண்ணும் தானாகப் பிரிந்துகொண்டே வரும். இன்று கை நுழைகிற ஓட்டை, அடுத்த ஞாயிறு பந்து நுழைகிற ஓட்டை.

அப்படி ஓர் ஓட்டையால்தான் நான் காசிமேட்டுக்குப் போனேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொங்கல் டோர்னமென்ட், அரையிறுதி, 0-0. எதிர் டீமில் 17 வயசுப் பையன் ஒருவன், இடது காலில் அடித்தான். பந்து என் வலது கைக்கு அரை அடி தள்ளி, போஸ்ட்டுக்கு உள்பக்கமாகப் போய், பக்கவாட்டில் வலை கிழிந்திருந்த இடம் வழியாக அப்படியே வெளியே போய்விட்டது. ரெஃபரி பாதி மைதானத்தில் இருந்தார். அவர் கண்ணுக்குப் பந்து போஸ்ட்டுக்கு வெளியே போனது போலத்தான் தெரிந்திருக்கும். கோல் கிக் என்று கை காட்டினார். அந்தப் பையன் ரெஃபரியிடம் ஓடவில்லை. என்னைப் பார்த்தான். உள்ளே போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். நான் வாயைத் திறக்கவில்லை. பந்தை வாங்கி வைத்து கோல் கிக் அடித்தேன். பெனால்டியில் நாங்கள் ஜெயித்தோம். கோப்பை இன்னும் டீக்கடை அலமாரியில் இருக்கிறது, அந்தக் கடையில் டீ குடிக்கும்போதெல்லாம் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.

சரி, கடைக்கு வருவோம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில், ஐஸ் உடைக்கிற இடத்தைத் தாண்டியதும் வலை, கயிறு, மிதப்பு விற்கிற கடைகள் வரிசையாக வரும். நான் சொல்கிற கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் பச்சை வலை மலை மாதிரி குவிந்திருக்கும், அதற்கு நடுவில் ஒரு பெரியவர் கால் கட்டை விரலில் கயிற்றை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 50 வருஷமாக இதே வேலை என்றார்.

"வலை வேணும் நைனா" என்றேன். நிமிராமலே, "இன்னா மீனுக்கு?" என்றார். பந்துக்கு என்றதும்தான் தலையைத் தூக்கினார்.

ஒரு விஷயம், நான் போனது மே மாசம். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அதனால் வலைக்காரர்கள் சும்மாதான் இருப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். நேர்மாறு. படகு கரையில் நிற்கிற நேரத்தில்தான் எல்லாரும் வலையைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. முன்பணம் 2,000 வாங்கிக்கொண்டு ஜூன் கடைசியில் வரச் சொன்னார். சொன்ன வாரத்தில் வேலையை ஆரம்பித்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் போவதாக இருந்தால் ஏப்ரல், மே வேண்டாம்.

அளவு எடுத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. 24 அடி அகலம், 8 அடி உயரம் என்று சொன்னேன். அது போஸ்ட்டோட அளவு, வலை எங்கே போய் நிக்கும் என்று கேட்டார். கோலுக்குப் பின்னால் 6 அடி தள்ளித் தரையில் முளை அடித்துக் கட்டுவோம் என்றதும், மேல் கம்பியிலிருந்து தரைக்குச் சாய்வாக வர 10 அடி வேணும், 8 அடிக்குப் பின்னிக்கிட்டுப் போனா தரையைத் தொடாம அந்தரத்தில நிக்கும் என்று மனக்கணக்காகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் படித்த 6, 8, 10 முக்கோணம்தான், அவர் அதைக் கடலில் படித்திருக்கிறார். நூல் 3 மில்லிமீட்டர், கண் 5 அங்குலம் என்று பேசி முடித்தோம்.

ஜூன் கடைசியில் மூன்று நாள் சாயங்காலம் என் கடையை மூடிவிட்டு அவர் பின்னுவதைப் பார்க்கப் போனேன். வலை ஊசி என்பது நாம் தைக்கிற ஊசி இல்லை, உள்ளங்கை நீளத்துக்கு ஒரு தட்டையான பிளாஸ்டிக் துண்டு, நடுவில் நாக்கு மாதிரி ஒன்று இருக்கும், அதில் நூலைச் சுற்றி நிரப்புகிறார்கள். இடது கையில் கண் அளவுக்கு ஒரு மரத்துண்டு. நூலை மரத்துண்டைச் சுற்றிக் கொண்டுவந்து, மேல் வரிசைக் கண்ணுக்குள் ஊசியை விட்டு, கட்டை விரலால் அழுத்திப் பிடித்து, ஒரு சுழற்று சுழற்றி இழுத்தால் முடிச்சு. இழுக்கும்போது க்ரக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் முடிச்சு நிற்கும் என்றார். ஒவ்வொரு கண்ணுக்கும் தனி முடிச்சு, அதனால் ஒன்று அறுந்தாலும் பக்கத்துக் கண் அசையாது. 9,400 ரூபாயில் பாதிக்கு மேல் இந்த முடிச்சுக்குத்தான்.

பின்னிக்கொண்டே கேட்டார், "வலையே இல்லாம பந்து ஆட முடியாதா தம்பி?" அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் அவருக்கு ஒரு கீப்பரின் கதையைச் சொன்னேன். எனக்கு ரொம்ப வேண்டிய கதை அது, இங்கேயும் சொல்கிறேன், வலைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

வில்லியம் மக்ரம். 1865-ல் பிறந்தவர். அயர்லாந்தின் வடக்கே, அர்மா பக்கத்தில் மில்ஃபோர்ட் என்கிற மில் கிராமம். அப்பா லினன் மில் முதலாளி, டமாஸ்க் மேசை விரிப்பு நெய்து ஏற்றுமதி செய்கிற குடும்பம். மகன் படித்தது டப்ளினில் டிரினிட்டி கல்லூரியில். மில்லைவிட அவருக்கு விளையாட்டில்தான் மனசு, கிராமத்து டீமுக்குக் கீப்பராக நின்றார், சம்பளம் இல்லாமல். என் தாத்தா பின்னி என்கிற துணி மில்லில் நின்றவர், எங்கள் பக்கத்தில் பந்து ஆடிய பழைய ஆட்கள் பலர் மில்லிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்தவர்கள்தான், அதனால் மில் ஊர் டீம் என்றதுமே எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. 1890-91-ல் அயர்லாந்தில் முதல் லீக் நடந்தபோது மில்ஃபோர்ட் டீம் அதில் ஆடியது. 14 ஆட்டம், 14-லும் தோல்வி. அடித்தது 10 கோல், வாங்கியது 62.

அந்தக் காலத்துக் கீப்பரின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். 1871-ல்தான் விதிப்புத்தகத்தில் கீப்பர் என்று தனியாக ஒருவருக்குக் கையால் தொட உரிமை கொடுத்தார்கள். சட்டை மற்றவர்கள் போட்டிருக்கிற அதே நிறம்தான், கீப்பருக்குத் தனி நிறம் வந்தது 1909-ல். பந்து உங்கள் கையில் இல்லாவிட்டாலும் எதிராளி தோளால் இடித்துத் தள்ளலாம், அது ஃபவுல் இல்லை. மேலே கம்பிகூட 1882 வரைக்கும் கட்டாயம் கிடையாது, பல இடத்தில் ஒரு நாடாவைக் கட்டிவிட்டிருப்பார்கள். நாங்கள் சின்ன வயசில் இரண்டு செங்கல் வைத்து ஆடியபோது, மேலே போன பந்து கோலா இல்லையா என்று சண்டை போட்ட அதே கதைதான். பின்னால் வலையும் கிடையாது. ஷாட் உள்ளே போனதா வெளியே போனதா என்பதற்குக் கீப்பரும் அம்பயர் கண்ணும்தான் சாட்சி.

மக்ரம் கோலில் நின்று பார்த்தது என்னவென்றால், ஃபார்வர்டு ஒருவன் தனியாக வந்துவிட்டால் டிஃபெண்டர்கள் பின்னாலிருந்து காலை வாரிவிடுகிறார்கள், இல்லை கையாலேயே பந்தைத் தட்டிவிடுகிறார்கள். அதற்கு வெறும் ஃப்ரீ கிக்தான் தண்டனை, அதற்குள் மொத்த டீமும் கோல் கோட்டில் வந்து சுவர் மாதிரி நின்றுகொள்ளும். தப்புச் செய்தவனுக்குத்தான் லாபம். அவர் ஒரு யோசனை எழுதினார்: கோல் பக்கத்தில் இப்படிச் செய்தால் ஒரே ஒருவன் உதைக்கட்டும், கீப்பர் மட்டும் தனியாக நிற்கட்டும். பெனால்டி. 1890-ல் அயர்லாந்துக் கால்பந்துச் சங்கம் இதை விதி எழுதுகிற சர்வதேச வாரியத்தில் கொண்டுபோய் வைத்தபோது எல்லாரும் கொதித்தார்கள். கனவான்கள் வேண்டுமென்றே தப்புச் செய்வார்களா, இது எங்களை அவமானப்படுத்துகிற விதி என்றார்கள். அடுத்த வருஷம் இங்கிலாந்துக் கோப்பைக் கால் இறுதியில், கோலுக்குள் போகிற பந்தை நாட்ஸ் கவுண்டி டிஃபெண்டர் ஒருவர் கோட்டிலேயே கையால் தடுத்தார், எதிரே ஆடிய ஸ்டோக் டீமுக்குக் கிடைத்தது ஃப்ரீ கிக் மட்டும், அதைக் கீப்பர் அமுக்கிவிட்டார், ஸ்டோக் தோற்றது. அதற்கப்புறம் யாரும் பெரிதாகக் கத்தவில்லை. 1891 ஜூன் 2, கிளாஸ்கோவில் விதி நிறைவேறியது. அப்போது பந்தை வைக்கத் தனிப் புள்ளி எல்லாம் இல்லை, 12 கஜக் கோட்டில் எங்கே வேண்டுமானாலும் பந்தை வைக்கலாம், கீப்பர் 6 கஜம் வரைக்கும் முன்னால் வரலாம்.

இதில் என்னைப் பிடித்து உலுக்கியது ஒன்றுதான். இந்த விதியைக் கேட்டது ஒரு ஃபார்வர்டு இல்லை, ஒரு கீப்பர். தன் மேலே வந்து விழுகிற கஷ்டம் என்று தெரிந்தே கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்று பார்த்தவன் பார்த்ததைச் சொல்லிவிட்டான், அவ்வளவுதான். நான் அன்றைக்குச் சொல்லவில்லை.

பெரியவருக்கு விதியைவிட வலைதான் முக்கியம். "அப்ப வலை எப்ப வந்துச்சு?" என்றார். அதுவும் அதே நேரம்தான். லிவர்பூலில் ஜான் பிராடி என்று ஓர் எஞ்சினியர், 1889-ல் எவர்ட்டன் ஆட்டம் பார்க்கப் போயிருக்கிறார், கோலா இல்லையா என்று ஒரு பெரிய சண்டை. வீட்டுக்குப் போய் யோசித்து, கோலுக்குப் பின்னால் பெரிய பை மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டால் சண்டையே வராதே என்று வலையைக் கொண்டுவந்தார். 1891 ஜனவரியில் நாட்டிங்காமில் ஓர் ஆட்டத்தில் மாட்டிப் பார்த்தார்கள், அடுத்த வருஷம் கோப்பை இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டது. இந்தப் பிராடிதான் பிற்பாடு புது டெல்லியை எங்கே கட்டுவது என்று பார்க்க வந்த மூன்று பேர் குழுவில் ஒருவர். இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பெரியவர் சொன்னது: "அந்த எஞ்சினியர் எங்கனாச்சும் மீன்காரன் பக்கத்துல குடியிருந்துருப்பான்."

மக்ரமின் பிற்கால வாழ்க்கை நல்லபடியாகப் போகவில்லை. மனைவி பிரிந்து போனார், சூதாட்டத்தில் சொத்து கரைந்தது, மில்லும் கை விட்டுப் போனது. 1932 டிசம்பரில் அர்மாவில் ஒரு வாடகை அறையில் இறந்தார். இப்போது மில்ஃபோர்டில் அவர் பெயரில் ஒரு சின்னப் பூங்காவும் ஒரு சிலையும் இருக்கின்றன. இதைச் சொன்னபோது பெரியவர் ஒன்றும் பேசவில்லை, ஊசியில் நூல் தீர்ந்திருந்தது, நிரப்பிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

இனி குறைகள். முதல் வலையை மாட்டிய அன்றே ஒரு பிரச்சினை வந்தது. டிவியில் பார்ப்பது போல விறைப்பாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லியிருந்தேன். அவர் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. வேகமான ஷாட் உள்ளே போய் வலையில் பட்ட வேகத்தில் அப்படியே மைதானத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் கம்பியில் பட்டுத் திரும்பியது போலத் தெரியும். அதாவது எந்தச் சண்டையைத் தவிர்க்க வலை வாங்கினேனோ அதே சண்டை. திரும்ப எடுத்துப்போனேன். "தொய்வு இல்லாத வலையில மீனே நிக்காது, பந்து எப்படி நிக்கும்" என்று கோபமாகச் சொன்னார், ஆனால் அடியில் மூன்று வரிசை கூடப் பின்னிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை, நூலுக்கு மட்டும் 250. இப்போது பந்து உள்ளே போனால் வலை ஒரு மூச்சு உள்வாங்கி, பந்து அப்படியே கீழே விழுகிறது.

இரண்டாவது, நிறம். அவரிடம் தடிமனான நூல் பச்சையில்தான் இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பின்னால் மரம் இருக்கிற பக்கம் வலை கண்ணுக்குத் தெரிவதில்லை. வெள்ளை வேண்டுமென்றால் முன்பே சொல்லிவையுங்கள், வரவழைத்துத் தருவார். மூன்றாவது, முடிச்சு கரடுமுரடாக இருக்கிறது, பந்தைத் தடுக்கப் பாய்ந்து வலைக்குள் போய் விழுந்தால் முழங்கையைச் சிராய்க்கிறது. சின்னப் பையன்கள் டிரெயினிங்குக்குக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். அடி ஓரத்துக்கு வலையில் போடுகிற ஈயக்குண்டு கட்டித் தரட்டுமா என்று கேட்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், குழந்தைகள் கால் வைக்கிற இடம். தடிமனான கயிறே போதும். போஸ்ட்டில் மாட்டுவதற்கும் இரும்புக் கொக்கி வேண்டவே வேண்டாம், கை மாட்டினால் விரல் போய்விடும். நாங்கள் பழைய சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக வெட்டிக் கட்டுகிறோம், பிடி விடுவதே இல்லை. ஆட்டம் முடிந்ததும் கழற்றி, நிழலில், கொக்கியில் தூக்கிக் கட்டிவிடுங்கள். தரையில் போட்டால் எலி வரும்.

நாலு மாசத்தில் ஒரே ஒரு கண் அறுந்தது, அதுவும் யாரோ ஷூவின் ஆணியால் மிதித்ததில். ஒரு முழ நூலில் நானே முடிச்சுப் போட்டுவிட்டேன், க்ரக் சத்தம் மூன்றாவது தடவையில்தான் வந்தது.

போன மாசம் அந்த இடது கால் பையனின் டீம் எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தது. இப்போது 19 வயசு, தோள் அகலமாகிவிட்டது. இரண்டாவது பாதியில் அடித்தான், அதே மூலை, அதே போஸ்ட். நான் தொட்டேன், ஆனால் நிறுத்த முடியவில்லை. பந்து பச்சை வலைக்குள் விழுந்து அங்கேயே கிடந்தது. யாரும் யாரையும் பார்க்க வேண்டிய வேலையே இல்லை, ரெஃபரி நடுக்கோட்டைக் காட்டிக்கொண்டே திரும்பி நடந்தார். நான் பந்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "அன்னிக்கும் கோல்தான்டா தம்பி" என்றேன். "தெரியும்ணே" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

கடை காலை 8 மணிக்குத் திறந்துவிடும், மத்தியானம் 2 மணிக்கு மேல் பெரியவர் இருக்க மாட்டார், ஆர்டர் கையில் இருந்தால்தான் சாயங்காலம் திரும்பி வருவார். ஃபோனில் பேசி ஆர்டர் எடுப்பதில்லை. உங்கள் போஸ்ட்டின் அளவை டேப்பில் எடுக்க வேண்டாம், ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டு போங்கள், அவருக்கு அதுதான் வசதி. பேரம் பேசினால் பேசாமல் பின்னிக்கொண்டே இருப்பார், குறைக்க மாட்டார். 12 வயசுக்குக் கீழே ஆடுகிற பிள்ளைகளுக்கு 16-க்கு 6 அடியில் ஒரு ஜோடி சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை வெள்ளை நூல், அளவு கயிற்றைக் கொடுத்துவிட்டேன், தொய்வு எவ்வளவு என்பதை அவரிடமே விட்டுவிட்டேன்.